ஒரு நாள் போதாது, ஒரு போகம் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புதுச்சேரி, கடலூர் பக்கத்து இயற்கைப் பண்ணைகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கட்டுரை முழுக்க ‘ஒரு நாள் விவசாயி’ பயணத்தைப் பற்றித்தான். காலையில் வேனில் வந்து இறங்குவது, சேற்றில் நாலு நாற்று நடுவது, வாழை இலையில் சாப்பாடு, மாட்டு வண்டியில் ஒரு சுற்று, மாலையில் கிளம்புவது. இதற்குத் தன்னார்வத் தொண்டு என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். பாகூர் பக்கம் ஒரு கூட்டுப் பண்ணையில் சில வருஷமாகத் தன்னார்வலராக இருந்து வேலை செய்கிறவள் நான். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், முடிந்த அளவு வெளியிடுங்கள்.

அப்படி வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. குழந்தைகள் ஒரு தடவையாவது சேற்றில் கால் வைப்பது நல்லதுதான். என் மனக்குறை வேறு. பண்ணை வேலை என்பது ஒரு நாளில் தெரிகிற விஷயம் இல்லை. விதை நெல்லை ஊற வைப்பதில் தொடங்கி அந்த நெல் அறுத்து அரிசியாகி உலையில் விழுகிற வரைக்கும், ஒரு போகம் முழுக்கக் கூட இருந்தால்தான் எதுவுமே பிடிபடும். அப்படி இருக்கிற ஆட்கள்தான் எங்களைப் போன்ற பண்ணைகளுக்கு வேண்டும். அந்த ஆட்கள் நம் ஊர்க் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள், அவர்கள் வருவதற்கு ஏற்கெனவே ஒரு திட்டமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் இங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் அது சுத்தமாக இல்லை.

எங்கள் நாள் மாட்டுக் கொட்டகையில் தொடங்குகிறது. ஐந்து மணிக்கு முன்பே விளக்கைப் போட்டால் மாடுகள் எழுந்து நின்றுவிடும். ஒருவர் சாணி அள்ளுவார், ஒருவர் தண்ணீர் காட்டுவார், கறக்கத் தெரிந்தவர் கறப்பார், தெரியாதவர் கன்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்ப்பார். கொட்டகைத் தரையைச் சரிவாகப் போட்டு ஓரத்தில் சின்னதாக ஒரு வாய்க்கால் விட்டிருப்பதால் கோமியம் தானாக ஒரு தொட்டியில் போய்ச் சேரும். சாணியும் கோமியமும் ஒரு சொட்டு வீணாகக் கூடாது, எங்களுக்கு உரம் அதுதான். ஜீவாமிர்தம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணி, 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ரசாயனம் படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி. இதை நிழலில் ட்ரம்மில் வைத்து இரண்டு நாள் காலையும் மாலையும் கட்டையால் கலக்கிவிட வேண்டும். ஒரு ஏக்கருக்கு இது போதும். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் கொடுக்கிற பொறுப்பு இந்தக் கலக்குகிற வேலைதான். பலம் வேண்டாம், திறமை வேண்டாம், மறக்காமல் இருந்தால் சரி. காலையில் கலக்கியவர் மாலையில் இருக்க மாட்டார் என்றால் அவருக்கு இதைக்கூடக் கொடுக்க முடியாது, அதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆறு மணிக்கு எல்லோரும் வயலுக்கு. வெயில் ஏறுவதற்குள் குனிந்து செய்கிற வேலைகளை முடித்துக்கொள்வோம். களை எடுப்பது, மண் காயாமல் தழையால் மூடாக்குப் போடுவது, வரப்பு அணைப்பது, கத்திரிப் பாத்தியில் புழு பிடித்த காயைப் பொறுக்குவது. ஒன்பது மணிக்குப் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும், இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ். மறுபடியும் பன்னிரண்டு வரை வேலை. வெயில் நேரத்தில் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைதான், முற்றிய வெண்டையை உடைத்து விதை எடுப்பது, பயறு புடைப்பது, துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காய வைப்பது, வண்டு வராமல் நொச்சி இலை போட்டு மூட்டை கட்டுவது. மாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர், மறுபடியும் கொட்டகை. எட்டரைக்கெல்லாம் பெரும்பாலானவர்கள் தூங்கிவிடுவார்கள்.

இது எல்லா நாளும் இப்படித்தான். படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை, ஆனால் பண்ணை நிற்பது இந்த வேலைகளில்தான்.

விதை நெல் தேர்ந்தெடுக்கிற நாள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஆவணி கடைசியில் வரும் அது. எங்கள் பண்ணையில் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்ற இரண்டு நாட்டு நெல் ரகங்களைப் போடுகிறோம். பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதில் ஒரு கோழி முட்டையைப் போடுவோம். முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைத்தால் முட்டை மெதுவாக எழும்பி வரும். பழைய நாலணா அளவுக்கு அதன் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் உப்பை நிறுத்திவிட்டு, முட்டையை எடுத்துவிட்டு, நெல்லைக் கொட்டிக் கையால் ஒரு தடவை கலக்குவோம். பொக்கு, அரைகுறையாக மணி பிடித்தது, பூச்சி துளைத்தது எல்லாம் மேலே வந்து மிதக்கும். கனமான நெல் மட்டும் அடியில் நிற்கும். மிதக்கிறதை வடித்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, அடியில் உள்ளதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு போய்விடும். அப்புறம் அரை நாள் ஊறல், சாக்கில் கட்டி வைக்கோல் மூடி ஒரு நாள். மறுநாள் சாக்கைப் பிரித்தால் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும், ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு முளை. கல்லூரிப் பாடத்தில் அடர்த்தி என்று படித்துவிட்டு வந்த பையன்கள் அந்த முட்டை எழும்புவதைப் பார்த்து நிற்கிறபோது முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே பையன்கள் அந்த நெல் நாற்றாகி நடவாகிக் கதிராகிப் போனதைப் பார்க்க இருக்கவில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

உங்கள் கட்டுரையில் இன்னொரு விஷயமும் இல்லை, எனக்கு அதில்தான் கோபமே. பண்ணை என்றால் அதை நடத்துகிறவர், வெளிநாட்டில் இருந்து வந்தவர், ஐடி வேலையை விட்டுவிட்டு வந்தவர், இவர்கள் படம்தான் வருகிறது. பக்கத்து ஊரில் இருந்து தூக்குவாளியோடு வருகிற அக்காக்கள் எங்கே? நாற்றுப் பறிப்பது, பறித்த நாற்றை முடிகளாகக் கட்டுவது, நடுவது, களை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. நாங்கள் பத்துப் பேர் ஒரு காலை முழுக்க எடுக்கிற களையை நாலு அக்காக்கள் பேசிக்கொண்டே எடுத்து முடித்துவிட்டு வரப்பில் வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார்கள். நெல் நடவான புதிதில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும், எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் வயலில் நிற்கும்போது குழப்பம்தான். ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு, “இங்க பாரும்மா, இலை தண்டோட சேர்ற இடத்தைப் பாரு. நெல்லுல சின்னதா ஒரு நாக்கு நிக்கும், ரெண்டு பக்கமும் முடி மாதிரி இருக்கும். புல்லுல ஒண்ணும் இருக்காது, மொழுக்குன்னு இருக்கும். கண்ணால தேடாத, கையால தடவிப் பாரு” என்றார். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் களை எடுக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அக்காதான் எங்களுக்கு ஆசிரியர். அவர் படம் உங்கள் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது கூலி. தன்னார்வலர்கள் சும்மா வேலை செய்கிறார்கள் என்பதற்காக ஒரு பண்ணை ஊர்ப் பெண்களின் வேலை நாளைக் குறைத்தால் அது தொண்டு ஆகாது, அந்தப் பெண்களின் சோற்றில் கை வைப்பது. அறுவடையை ஏற்கெனவே இயந்திரம் எடுத்துக்கொண்டது. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மிச்சம் இருக்கிற நாட்களையும் நாங்கள் பறித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பண்ணையில் இதைப் பல தடவை உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நடவு, களை, அறுப்பு நாட்களில் எத்தனை தன்னார்வலர்கள் இருந்தாலும் சரி, வழக்கமாக வருகிற பெண்கள் எல்லோருக்கும் வேலை உண்டு, ஊரில் உள்ள கூலி குறையாமல் உண்டு. தன்னார்வலர் அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு செய்கிறவர், அவர்களுக்குப் பதிலாக வந்தவர் இல்லை. எங்கள் நெல்லில் ஒரு பகுதியைக் கையால்தான் அறுக்கிறோம், வைக்கோல் மாட்டுக்கு முழுசாகக் கிடைக்க வேண்டும் என்பது ஒரு காரணம், அவர்களுக்கு அந்த நாட்கள் வேண்டும் என்பது இன்னொரு காரணம். இயற்கைப் பண்ணைகளைப் பற்றி யார் எழுதினாலும் கூலி என்ன கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது இருபத்தைந்து பேருக்குச் சமையல், வாசலில் கரும்பலகை, அதில் இந்த வாரம் யார் யார் முறை என்று எழுதியிருக்கும். ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, மருத்துவரானாலும் மாணவரானாலும் முறை வந்தால் அடுப்பு மூட்ட வேண்டும், அண்டா தேய்க்க வேண்டும். உலர் கழிப்பறைக்குச் சாம்பல் நிரப்புவதும் அதே பலகையில்தான் வரும். கூட்டாக வாழ்கிற இடத்தில் சண்டை எதில் வரும் என்று நினைக்கிறீர்கள்? கொள்கையில் வராது. அண்டாவை ஊற வைத்துவிட்டுப் போனது யார், கீரையை மண்ணோடு நறுக்கியது யார், முறை இருந்த அன்றைக்கு ஊருக்குக் கிளம்பியது யார், இதில்தான் வரும். வாரத்தில் ஒரு மாலை பாய் விரித்து உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறோம். சில வாரம் தீராது, முகம் திருப்பிக்கொண்டுதான் தூங்கப் போவோம். ஆனால் விடிந்தால் மாடு கத்தும், இரண்டு பேரும் சேர்ந்துதான் கொட்டகைக்குப் போக வேண்டும். வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத இளைஞர்கள் ஒரு போகம் இருந்துவிட்டுப் போகும்போது ஐம்பது பேருக்கு ரசம் வைக்கத் தெரிந்தவர்களாகப் போயிருக்கிறார்கள். அவர்கள் அம்மாக்கள் தொலைபேசியில் கூப்பிட்டு என்னிடம் நம்ப முடியாமல் கேட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடலூர் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867 இல் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. யாரோ அரிசி கொண்டு வருகிறார்கள், யாரோ காய் கொண்டு வருகிறார்கள், யாரோ நறுக்குகிறார்கள், பசித்து வந்தவர்கள் சாப்பிடுகிறார்கள். அதே மாதிரி குடிமராமத்து. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர் வாருவது நம் ஊர்களில் இருந்த வழக்கம். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று சொல்கிறோமே, அவை இத்தனை காலம் நின்றது அப்படி வந்த கைகளால்தான். எங்கள் பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டில் இருந்து தென்பெண்ணைத் தண்ணீர் கொண்டு வருகிற பங்காரு வாய்க்காலைப் பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டியதாகத்தான் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள்.

வானூர் பக்கம் போய்ச் செம்மண் மேட்டைப் பாருங்கள். 1968 இல் ஆரோவில் தொடங்கியபோது அது மழை அரித்து அரித்துப் பள்ளமாகக் கிடந்த பொட்டல். ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தி, கன்று வைத்து, செத்த இடத்தில் மறுபடி வைத்து, கோடை முழுக்கத் தண்ணீர் சுமந்து, வந்தவர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்களும் சேர்ந்து அதைக் காடாக்கினார்கள். 2003 இல் அங்கே தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் என்ற காடு வளர்ப்பு அமைப்பு இன்று வரைக்கும் தன்னார்வலர்கள் கையால்தான் நடக்கிறது. கன்று நடுகிற அன்றைக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்களை நம்பியிருந்தால் அங்கே ஒரு மரம் நின்றிருக்காது.

கூட இருப்பதற்கும் வந்து போவதற்கும் என்ன வித்தியாசம் என்பதை எங்களுக்கு 2024 காட்டியது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, கடந்தும் நகராமல் நின்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை கொள்ளாமல் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களிலும் கடலூரிலும் புகுந்தது. சம்பாப் பயிர் சூல் கட்டுகிற நேரம். வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செந்தண்ணீர். அந்த நேரத்தில் ஆவணியில் இருந்து எங்களோடு இருந்த பிள்ளைகள் செய்ததை நான் மறக்க மாட்டேன். எந்த மூலையில் வடிகால் மடை இருக்கிறது, எந்த இடத்தில் வரப்பை வெட்டினால் பக்கத்துக்காரர் வயலுக்குப் பாதிப்பு இல்லாமல் தண்ணீர் வடியும், எந்த மாடு தண்ணீரைக் கண்டால் மிரளும், விதை மூட்டை எந்தப் பரணில் இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாட்டு ரகம் உயரமாக வளரும் என்பதால் கதிர் வரப்போகிற தலை தண்ணீருக்கு மேலே இருந்த வயல்கள் பிழைத்தன, பள்ளத்தில் இருந்தவை அழுகிவிட்டன. அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு எங்களைவிட நஷ்டம் அதிகம், அவர்கள் வயலிலும் அதே பிள்ளைகள்தான் போய் வண்டலை வாரினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு உதவிக்கு என்று நல்ல மனசோடு நிறையப் பேர் வந்தார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றையும் சொல்லி விளக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆளும் சேற்றில் இறங்க வேண்டிய ஆள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம், என்.எஸ்.எஸ். என்று எல்லோருக்கும் தெரியும். காந்தி நூற்றாண்டான 1969 இல் செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. அதில் சேருகிற மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். இப்போது அந்த 120 மணி நேரம் எப்படிப் போகிறது? ஒரு நாள் கடற்கரையைச் சுத்தம் செய்கிறார்கள், ஒரு நாள் பேரணி, ஒரு நாள் கன்று நடுகிறார்கள், ஒரு நாள் கோயில் குளம். ஒவ்வொன்றும் நல்ல வேலைதான். ஆனால் எதையும் தொடர்ந்து போய்ப் பார்ப்பதில்லை. நட்ட கன்றுக்கு மறுவாரம் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் பண்ணைக்கும் ஒரு கல்லூரியில் இருந்து முகாமுக்கு வந்தார்கள், ஏழு நாள் உற்சாகமாக வேலை செய்தார்கள், பாத்தி போட்டு விதைத்தார்கள், விதைத்தது முளைத்து வருகிறபோது அவர்கள் இல்லை. குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை, திட்டத்தை அப்படிப் போட்டிருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பாப் பருவம் செப்டம்பர் தொடக்கத்தில் இருந்து ஜனவரி பாதி வரை. இடையில் சனிக்கிழமைகள் சுமாராக இருபது வரும். சனிக்கிழமைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 120 மணி நேரம். ஒரு வருஷத்துக்குரிய நேரம் அப்படியே ஒரு நெல் போகத்துக்குப் பொருந்துகிறது. புதிதாகச் சட்டம் வேண்டாம், பெரிதாகப் பணம் வேண்டாம். ஒரு கல்லூரி ஒரு பண்ணையை அல்லது ஒரு விவசாயியை எடுத்துக்கொண்டு, இருபது இருபத்தைந்து மாணவர்களை ஒரு போகம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் அனுப்பினால், அவர்கள் விதை தேர்வில் தொடங்கி நாற்றங்கால், நடவு, முதல் களை, இரண்டாம் களை, பூச்சி பார்ப்பது, தண்ணீர் கட்டுவது, அறுப்பு, தூற்றுவது வரை எல்லாவற்றையும் தங்கள் கையால் செய்திருப்பார்கள். ஏழு நாள் முகாமை நடவு வாரத்திலோ அறுப்பு வாரத்திலோ வைத்துக்கொள்ளலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள கலைக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள், ஆனால் அப்பா வயலில் இறங்காதே படி என்று வளர்த்த பிள்ளைகள். அவர்களுக்கு இது மறுபடி ஒரு வாசல்.

இதற்கு என்னென்ன மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும், கல்லூரி ஆசிரியர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். நவம்பரில் தேர்வு வருமே என்றார்கள். வரும். அந்த மூன்று வாரம் வராமல் விட்டால் பயிர் ஒன்றும் செத்துவிடாது, அந்த நேரத்தில் தண்ணீர் பார்ப்பதும் பூச்சி பார்ப்பதும்தான் வேலை, பண்ணையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வோம், விட்ட நேரத்தை அறுப்பில் ஈடு செய்துகொள்ளலாம். பாம்பு இருக்கும், பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்றார்கள். நியாயமான கவலை. அதற்குப் பண்ணைகள்தான் பொறுப்பு எடுக்க வேண்டும். பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, முழங்கால் வரை பூட்ஸ், டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வைப்பது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக ஒரு வண்டி எப்போதும் தயாராக இருப்பது, கூட வருகிற பேராசிரியர் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டிருக்காமல் வயலுக்கு வருவது. இவை இல்லாத பண்ணைக்கு மாணவர்களை அனுப்ப வேண்டாம் என்று நானே சொல்வேன். இலவச ஆள் கிடைக்கிறது என்று கணக்குப் போடுகிற பண்ணைக்கும் அனுப்ப வேண்டாம். கூலிக்கு வருகிற பெண்களை நிறுத்திவிட்டு மாணவர்களை இறக்கினால் கல்லூரி அன்றைக்கே வெளியேறிவிட வேண்டும், இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சனி ஞாயிறுகளில் ஜவுளிக்கடையிலும் ஓட்டலிலும் வேலை செய்து அந்தக் காசில் படிக்கிற மாணவர்கள் பாகூர், நெட்டப்பாக்கம், கடலூர் பக்கமெல்லாம் நிறைய. அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வர விரும்புகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் இரண்டு வேளைச் சாப்பாடும் கொடுக்க வேண்டும், போகம் முடிந்ததும் அவர்கள் கைப்பட்ட அரிசியில் ஆளுக்கு ஒரு பங்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். எங்கள் பண்ணையில் அப்படித்தான் செய்கிறோம். தை மாதம் அந்த அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் யாருக்கும் சான்றிதழ் நினைவு வராது.

இயற்கை விவசாயத்தில் முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் குறையும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. மண் தேறி வர அவ்வளவு நாள் பிடிக்கும். இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று இறக்கிற வரை ஊர் ஊராக நடந்து இதைத்தான் விவசாயிகளிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாறத் துணிகிற ஒரு சின்ன விவசாயிக்கு அந்த வருஷங்களில் நஷ்டத்தைவிடப் பெரிய கஷ்டம் ஆள் கஷ்டம்தான். ரசாயனக் களைக்கொல்லி அடிக்காவிட்டால் களை எடுக்கக் கூலி இரண்டு மடங்கு ஆகிறது, ஜீவாமிர்தம் கரைக்க, தழை வெட்டிப் போட, தழையுரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டை மடக்கி உழ என்று வேலை கூடுகிறது. வீட்டில் இரண்டே பேர், பிள்ளைகள் வெளியூரில். அப்படிப்பட்டவருக்குச் சனிக்கிழமைதோறும் இருபது இளம் கைகள் கிடைத்தால் அவர் அந்த மூன்று வருஷத்தைக் கடந்துவிடுவார். கூலிப் பெண்களுக்கு எப்போதும் கொடுக்கிற நாட்களை அவரால் அப்படியே கொடுக்க முடியும், கூடுதலாக வருகிற வேலைக்கு மாணவர்கள்.

ஆகவே கல்லூரிகளின் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்களிடம் நான் கேட்பது, ஆடி மாதத்துக்குள் பக்கத்து விவசாயிகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், இந்த வருஷச் சம்பாவுக்கே முதல் குழு வந்துவிடலாம். பண்ணை என்றதும் பெயர்ப்பலகை வைத்த இடங்களை மட்டும் தேடாதீர்கள். சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு மருந்தடிக்காமல் செய்கிறவர்கள் பாகூர் கொம்யூனிலும் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கமும் இருக்கிறார்கள், ஊரில் டீக்கடையில் கேட்டாலே வீட்டைக் காட்டுவார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். எங்களுக்கு ஆள் அப்புறம் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
பண்ணைத் தன்னார்வலர் ஒருவர்,
பாகூர், புதுச்சேரி.